காதலும் மர்மமும்: பிறப்பைத் தேடிய நாவல்கள்



காதல் நாவல் என்றால் நம் வீட்டுப் பெரியவர்கள் முகஞ்சுளிப்பார்கள். அந்தக் காதலுக்குள் ஒரு மர்மமும் கலந்துவிட்டால் சொல்லவே வேண்டியதில்லை. பிள்ளை கெட்டுப்போயிற்று என்றே முடிவு கட்டிவிடுவார்கள். இலக்கிய வரலாற்று நூல்களும் இவ்வகைக் கதைகளைப் பொழுதுபோக்கு நாவல்கள் என ஓரிரு வரிகளிலே சொல்லிவிட்டு அப்பாற் போய்விடும். இன்றைய உரையிலே அந்த ஓரிரு வரிகளைச் சற்று விரித்துப் பார்ப்போம். காதற் கதை ஏன் மர்மத்தைத் துணைக்கு அழைக்கிறது? அந்த மர்மம் பெரும்பாலும் எதைப் பற்றியது? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடிப் போகிறவர் நம் மலையக மக்களின் வரலாற்றிலே வந்து நிற்பார் என்பதே நான் சொல்ல விழைவது.

காதலும் மர்மமும் தமிழிலே இன்று நேற்றுச் சேர்ந்தவையல்ல. சங்க அகத்திணை மரபிலே திருமணத்துக்கு முந்திய காதலுக்குப் பெயரே களவு. தொல்காப்பியர் அதற்கென ஓர் இயலே வகுத்திருக்கிறார். இருவர் ஊரறியாமற் சந்திப்பதும், தாய் ஐயுறுவதும், அலர் எழுவதும், தோழி உண்மையை எடுத்துரைத்து அறத்தொடு நிற்பதுமாக, மறைபொருளொன்று மெல்ல மெல்ல வெளிப்படும் கதையாகவே அந்த ஒழுக்கம் அமைந்துள்ளது. காதலர் கூடுதற்குரிய நிலமும் குறிஞ்சி, அதாவது மலையும் மலைசார்ந்த இடமும். ஆயினும் ஒன்றை நாம் மனங்கொள்ள வேண்டும். அங்கே மறைந்திருப்பது காதல். காதலரின் பிறப்பு அன்று. குறுந்தொகையிலே செம்புலப்பெயல்நீரார் பாடிய செய்யுளை நினைத்துப் பாருங்கள். பெற்றோருக்கிடையே எந்த உறவுமில்லாத இருவரின் நெஞ்சங்கள் அதிலே கலந்துவிடுகின்றன. இன்னார் மகன், இன்னார் மகள் என்ற விசாரணை அக்காதலுக்குத் தேவைப்படவில்லை.

நாவல் என்ற புதிய வடிவம் தமிழுக்கு வந்தபோது நிலைமை மாறிவிட்டது. வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வெளிவந்தது. அதற்கு ஆறு ஆண்டுகளின் பின், 1885இல், இலங்கையின் முதலாவது தமிழ் நாவல் எனப் பெரும்பாலோர் கருதும் அசன்பேயுடைய கதை வெளிவந்தது. அதனை எழுதிய சித்திலெவ்வை நம் மத்திய மலைநாட்டவர். கண்டியிலே வழக்கறிஞராக விளங்கியவர். 1882இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கியவர். கதையோ எகிப்திலே ஆரம்பிக்கிறது. உயர்குடியிற் பிறந்த ஆண்குழந்தையொன்று களவாடப்பட்டு, தன் பிறப்பை அறியாமலே இந்தியாவில் வளர்கிறது. குழந்தை இளைஞனாகிறான். பல ஆபத்துக்களைக் கடக்கிறான். ஈற்றிலே தான் யார் என்பதை அறிந்துகொள்கிறான்.

அடுத்து 1891இல் திருகோணமலை இன்னாசித்தம்பி எழுதிய ஊசோன் பாலந்தை கதை வெளிவந்தது. ஐரோப்பாவிலே இடைக்காலந்தொட்டு வழங்கிவந்த ஒரு கதையின் தழுவல் இது. அரசி ஒருத்தி பழிச்சொல்லுக்கு ஆளாகித் துரத்தப்படுகிறாள். காட்டிலே அவள் ஈன்ற இரட்டைக் குழந்தைகளுள் ஒன்றைக் கரடி வளர்க்கிறது. மற்றதை அரண்மனை வளர்க்கிறது. இங்கும் கதையை இழுத்துச் செல்லும் கயிறு பிறப்பின் மர்மமே. 1895இல் அதே திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை நாயக்கர் காலத்துக் காதலொன்றை வைத்து மோகனாங்கி என்னும் வரலாற்று நாவலை எழுதினார். ஆக, ஈழத்துத் தமிழ் நாவல் தவழத் தொடங்கிய முதற் பத்து ஆண்டுகளிலேயே காதலும், மர்மமும், பிறப்பு இரகசியமும் அதன் கையைப் பிடித்துக்கொண்டன எனலாம்.

ஏன் இப்படி? கிராமத்திலே ஒருவன் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவன் பாட்டன் யார், எந்த வீதி, என்ன குலம் என்பதைக் குழந்தையும் சொல்லும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே புகைவண்டியும் கப்பலும் வந்தன, பட்டணங்கள் பெருகின. முன்பின் அறியாதவர்கள் அருகருகே வாழ நேர்ந்தது. பக்கத்து அறையில் இருப்பவன் சொல்லும் பெயர் மெய்ப்பெயர்தானா என்பதை அறிய வழியில்லை. ஒருவன் யார் என்பதை ஊர் சொன்ன காலம் போய், பதிவேடு சொல்லும் காலம் வந்தது. ஊரின் வாயை அடைப்பது கடினம்; பதிவேட்டிலே ஒரு வரியைப் புகுத்துவது எளிது.

ஆங்கிலத்திலே வில்க்கி கொலின்ஸ் எழுதி 1859, 1860ஆம் ஆண்டுகளிலே தொடராக வந்த வெள்ளுடைப் பெண் என்னும் புகழ்பெற்ற நாவலை இதற்குத் தக்க சான்றாகக் காட்டலாம். சித்திரம் கற்பிக்க வந்த ஏழை இளைஞன் தன் மாணவியைக் காதலிக்கிறான். அவளோ வேறொரு பிரபுவுக்கு நிச்சயிக்கப்பட்டவள். அந்தப் பிரபுவின் வாழ்க்கையிலே ஓர் இரகசியம் இருக்கிறது. கத்தியோ நஞ்சோ அன்று. கோவிற் பதிவேட்டிலே, பெற்றோரின் திருமணம் பற்றி அவன் களவாக எழுதிச் சேர்த்த ஒரு குறிப்பு. அந்த வரி பொய்யென்றால் அவனுடைய பட்டமும் சொத்தும் பொய்யாகிவிடும். காதற் கதையின் முடிச்சு ஒரு பதிவேட்டின் ஏட்டிலே கிடக்கிறது. இச்செய்தியை நேயர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

தமிழகத்திலே 1894இல் பண்டித நடேச சாஸ்திரி தானவன் என்னும் பொலிஸ் நிபுணனின் கதையை வெளியிட்டு, துப்பறியும் இலக்கியத்துக்கு வழிவிட்டார். அவருக்குப் பின் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகிய மூவரும் வாசகரைக் கட்டிப்போட்டார்கள். ஆங்கிலத்து றெயினோல்ட்ஸின் கதைகளை ஆரணியார் தமிழ்ப்படுத்தினார். ரங்கராஜுவின் இராஜாம்பாள், சந்திரகாந்தா முதலிய கதைகளிலே காதலரின் துன்பமும் துப்பறியும் கோவிந்தனின் புலனாய்வும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். வடுவூராரின் திகம்பர சாமியார் 1950இல் திரைப்படமாகவும் வந்தது. விமர்சகர்கள் இவற்றைக் கடிந்தார்கள். மக்களோ விடிய விடிய விளக்கெரித்து வாசித்தார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரு தலைமுறையை முழுப் புத்தகம் படிக்கும் தலைமுறையாக மாற்றியதில் இக்கதைகளுக்குப் பெரும் பங்குண்டு என்பதை மறுக்க இயலாது.

அதேவேளை, இக்கதை மரபிலே மர்மம் செய்துவந்த ஒரு வேலையையும் நாம் கண்டுகொள்ள வேண்டும். ஏழை இளைஞன் செல்வர் வீட்டுப் பெண்ணை விரும்புகிறான். வாசகர் மனம் அவன் பக்கம் சாய்கிறது. குலமும் பணமும் காதலுக்கு முன்னே எம்மாத்திரம் என்று துணிவு கொள்கிறோம். கடைசி அத்தியாயத்திலே ஒரு மச்சமோ, மோதிரமோ, பழைய கடிதமோ வெளிப்படுகிறது. அவன் காணாமற்போன ஜமீன் வாரிசு என்று தெரியவருகிறது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் நடந்தது என்ன? வேலியைத் தாண்டத் துணிந்த காதலை, வேலிக்குள்ளேயே பிறந்த காதல் என்று கதை மாற்றிவிட்டது. தமிழ்த் திரைப்படங்கள் பல்லாண்டு காலம் இதே உத்தியைக் கையாண்டன. கல்கியின் பார்த்திபன் கனவு மிகத் திறமையான கதை. அதிலும் இரத்தின வியாபாரியாக வருபவன் நாடிழந்த இளவரசன் விக்கிரமன். சிவனடியாராக வருபவர் நரசிம்ம பல்லவர். குந்தவி விரும்பிய வியாபாரி மெய்யாகவே வெறும் வியாபாரியாக இருந்திருந்தால் கதை எங்கே போய் முடிந்திருக்கும் என்று மாணவர்கள் எண்ணிப் பார்ப்பது நல்லது.

இலங்கையிலே 1930இல் வீரகேசரி தொடங்கியபின் தொடர்கதை வாசிப்பு வேகம் பெற்றது. அதன் ஆசிரியராக விளங்கிய எச். நெல்லையா அக்காலத்திலே பல நாவல்களை எழுதினார். அவற்றின் தலைப்புக்களே ஒரு செய்தி சொல்லும். சந்திரவதனா அல்லது காதலின் வெற்றி. காந்தாமணி அல்லது தீண்டாமைக்குச் சாவுமணி. சோமாவதி அல்லது இலங்கை இந்தியர் நட்பு. "அல்லது" என்ற சொல்லுக்கு முன்னே ஒரு பெண்ணின் பெயர். பின்னே நாட்டின் பிரச்சினை. வாசகரை அழைத்து வருவது காதல். வந்தவருக்குச் சொல்லப்படுவது வேறொன்று.

இனி மலையகத்துக்கு வருவோம். கோ. நடேசய்யரை நேயர்கள் அறிவீர்கள். தஞ்சை மண்ணிலிருந்து வந்து, தேசநேசன், தேசபக்தன் பத்திரிகைகளை நடத்தி, 1931இல் அகில இலங்கை இந்தியத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவியவர். தோட்டத் தொழிலாளரின் முதற் பெருந்தலைவர் என நாம் போற்றும் அவர், 1920களிலே மூலையில் குந்திய முதியோன் அல்லது துப்பறியும் திறம் என்றொரு கதையும் எழுதினார். ஓர்ட்சி சீமாட்டி ஆங்கிலத்தில் எழுதிய துப்பறியும் கதைகளின் தலைப்பை அது நினைவூட்டுகிறது. வேலைநிறுத்தமும் வழக்குமாக அலைந்த தலைவருக்குத் துப்பறியும் கதை எதற்கு என்று கேட்கலாம். அன்றைய தோட்டத்தை நினைத்தால் விடை கிடைக்கும் என்பது என் எண்ணம். தொழிலாளியின் வாழ்வு முழுவதும் அவனால் வாசிக்க முடியாத தாள்களிலேயே கிடந்தது. செக்ரோலிலே விழும் பேர், பெரியகங்காணியின் கடன் கணக்கு, துண்டு என்று எல்லாமே தாள். கடன் தொகை எழுதிய துண்டு இல்லாமல் அவன் தோட்டம் மாற இயலாது. 1921இல்தான் அந்தத் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது. "தாளிலே எழுதியிருப்பது மெய்யா, யார் எழுதியது, ஏன் எழுதினார்?" என்று கேட்கும் பழக்கமே துப்பறியும் திறம். அது தோட்டத்திலே பொழுதுபோக்கு மாத்திரமன்று, தற்காப்புமாகும்.

எங்கள் பூண்டுலோயாவிலே டன்சினேன் என்றொரு தோட்டம் உண்டு. துரைமார் இட்ட பெயர். டன்சினேன் ஸ்கொத்லாந்திலுள்ள ஒரு குன்று. ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்திலே கொடுங்கோலன் மக்பெத்தின் கோட்டை அங்கேதான் இருக்கிறது. பெண் ஈன்ற எவனாலும் உன்னை வெல்ல முடியாது என்ற குறிமொழியை நம்பி அவன் இறுமாந்திருக்கிறான். முடிவிலே, தாயின் வயிற்றைக் கீறி எடுக்கப்பட்ட மக்டஃப் அவனை வீழ்த்துகிறான். அந்நாடகத்தின் கடைசி மர்மமும் பிறப்பு மர்மமே. அந்தப் பெயரைத் தாங்கிய மலையிலே கொழுந்து கிள்ளிய நம் முன்னோருக்கு இந்தக் கதை தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் "நீ எங்கே பிறந்தாய்?" என்ற கேள்வி அவர்களையும் தேடி வந்தது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அந்த ஆண்டு நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. இந்நாட்டிலே பிறந்திருந்தாற் போதாது. தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும், அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது அச்சட்டம். லயக்காம்பராவிலே மருத்துவச்சி கையில் விழுந்த குழந்தைக்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரம் ஏது? அதன் பூட்டனுக்கு ஏது? அசன்பே தன் பிறப்பைத் தேடினான், ஈற்றிலே கண்டடைந்தான். இங்கே இலட்சக் கணக்கானோர் தேடினார்கள். அவர்களுக்கு மச்சமும் உதவவில்லை, மோதிரமும் உதவவில்லை.

அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டமோ திருமணத்தையும் கணக்கிலே சேர்த்தது. 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன்னே தொடர்ந்து வசித்ததற்குச் சான்று வேண்டும். மணமானவருக்கு 7 ஆண்டுகள், மணமாகாதவருக்கு 10 ஆண்டுகள். ஏறத்தாழ எட்டு இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்ததோ ஏறத்தாழ 1,34,000 பேருக்கே. கொலின்ஸின் நாவலிலே ஒரு பிரபுவின் வாழ்வு பதிவேட்டின் ஒரு வரியிலே தொங்கியது என்றேனே, இங்கே ஒரு சமூகத்தின் வாழ்வே அப்படித் தொங்கியது.

1964 ஒக்டோபர் 30இல் ஸ்ரீமா சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். எண்களைச் சொல்வது எளிது. அவ்வெண்களுக்குள்ளே இளைஞர்களும் யுவதிகளும் இருந்தார்கள். ஒரு லயத்திலே அவன் குடும்பத்துக்கு இந்தியக் கடவுச்சீட்டு; அடுத்த லயத்திலே அவள் குடும்பம் இங்கேயே. மலைநாட்டு ஸ்டேசன்களிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட புகைவண்டிக்கு நம் மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பெயரிட்டார்கள். பழைய நாவல்களிலே காதலரைப் பிரித்தவர்கள் சிற்றன்னையும் வில்லனும். இங்கே பிரித்தது ஒரு கோப்பு. கெஞ்சவோ, சண்டையிடவோ முகமில்லாத கோப்பு.

இந்த வாழ்வு எழுத்திலே வரவில்லையா என்றால், வந்திருக்கிறது. பூண்டுலோயாவுக்கு அயலிலுள்ள மடக்கொம்பரைத் தோட்டத்திலே பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானவர். அடுத்த ஆண்டே தம் மக்களோடு உரிமை இழந்தவர். அவர் நாவல் ஒன்றின் பெயர் வீடற்றவன். இன்னொன்றின் பெயர் காதல் சித்திரம். அவ்விரு தலைப்புக்களையும் அருகருகே வைத்தாலே மலையகக் காதற் கதையின் சுருக்கம் கிடைத்துவிடும். கோகிலம் சுப்பையாவின் தூரத்துப் பச்சை, நந்தியின் மலைக்கொழுந்து, தெளிவத்தை ஜோசப்பின் காலங்கள் சாவதில்லை, தி. ஞானசேகரனின் குருதிமலை ஆகியன நம் மக்களின் வாழ்வைப் பல கோணங்களிலே காட்டின. இவற்றிலே லயத்துப் பையன் கடைசி அத்தியாயத்திலே ஜமீன் வாரிசாக மாறுவதில்லை. இது மலையக நாவல் ஈட்டிய பெருமை. அவன் தொழிலாளியின் மகனாகவே காதலிக்கிறான், தொழிலாளியின் மகனாகவே தலைநிமிர முயல்கிறான்.

ஆயினும் ஒரு குறை உண்டு. இவை பெரும்பாலும் ஆய்வாளரின் மேசையிலும் பரீட்சைத் தாளிலும் வாழ்கின்றன. பதினேழு வயதுப் பிள்ளை தானாக விரும்பி எடுத்து, சோற்றைக்கூட மறந்து வாசிக்கும் புத்தகம் வேறாக இருக்கிறது. அது தமிழகத்திலிருந்து வரும் காதல் நாவல், குற்ற நாவல். அதை வாசிக்க வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். வாசிக்கும் பிள்ளை ஒருநாள் நல்லதையும் வாசிக்கும். ஆனால் அந்தப் பிள்ளையின் ஊரும், அதன் பாட்டியின் கதையும் அதே சுவையோடு, அதே விறுவிறுப்போடு எழுதப்படக் கூடாதா?

மூலப்பொருளுக்கு இங்கே பஞ்சமில்லை. நீலகிரியிலே தாயகம் திரும்பியோருக்காக 1968இல் தமிழக அரசு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களிலே நம் உறவுகள் இன்றும் வாழ்கிறார்கள். அங்கிருந்து வந்த பழைய கடிதங்கள் எத்தனையோ வீடுகளிலே தகரப் பெட்டிக்குள் கிடக்கின்றன. ஒரு பேத்தி அந்தப் பெட்டியைத் திறக்கிறாள் என்று வையுங்கள். அம்மாயி பெயருக்கு, குடும்பத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு பெயரிலிருந்து கடிதம். அவர் யார்? ஏன் போனார்? ஏன் திரும்பவில்லை? செக்ரோலிலே அவர் பேர் இருக்கிறதா? விண்ணப்பத்திலே அம்மாயியின் வயது ஏன் மாறியிருக்கிறது? பேத்திக்கும் ஒரு காதல் இருக்கலாம்; அவள் முன்னும் ஒரு வேலி இருக்கலாம். பாட்டியின் மர்மத்தை அவிழ்க்க அவிழ்க்க, தன் வாழ்வின் முடிவை அவள் எடுக்கட்டும். கொலையும் வேண்டாம், மாறுவேடமும் வேண்டாம். நம் வரலாறே போதிய மர்மத்தை வைத்திருக்கிறது.

இதிலே அவசரமும் உண்டு. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், இந்நாட்டிலே எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலைக்கு முடிவு கட்ட வழிசெய்தது. 2023இல் நம் மக்கள் இங்கு வந்த 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்தோம். கூட்டங்கள் நடந்தன, உரைகள் நிகழ்ந்தன. ஆனால் 1964இல் இருபது வயதாயிருந்தவருக்கு இன்று எண்பதைத் தாண்டிவிட்டது. ஒப்பந்தத்தின் எண்களை நூலகம் காப்பாற்றும். அந்த எண்களுக்குள்ளே பிரிந்துபோன இருவரின் கதையை எந்தக் கோப்பும் காப்பாற்றாது. அது ஒரு கிழவியின் நெஞ்சோடு போய்விடும்.

ஆகவே, இளம் எழுத்தாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். காதல் நாவல் எழுத வெட்கப்படாதீர்கள். அதிலே மர்மத்தைச் சேர்க்கவும் தயங்காதீர்கள். எழுதுமுன் உங்கள் லயத்து மூத்தவர் ஒருவரிடம் போய் உட்காருங்கள். "பாட்டி, அந்தக் கோச்சியிலே யார் போனார்கள்?" என்று கேளுங்கள். அவர் உடனே பதில் சொல்லாவிட்டால் அவசரப்படாதீர்கள். பிரஜாவுரிமைக் கந்தோரிலே கேள்வி கேட்டவர்கள் அவர் சொன்னதை நம்பவில்லை. நீங்கள் நம்புகிறீர்கள் என்று தெரிந்தால் அவர் சொல்லுவார்.